ரவுட்டரின் இன்னொரு சாவி

பள்ளிக்கு இணைய இணைப்பு கொடுக்க வரும் பணியாளரிடம் நாம் கேட்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: "வைஃபை பாஸ்வேர்டு என்ன சார்?" அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். மறுநாளே அது எல்லாருடைய கைப்பேசியிலும் ஏறிவிடும். அதே ரவுட்டருக்கு இன்னொரு கடவுச்சொல்லும் உண்டு. அதைப் பெட்டியின் அடிப்பக்க ஒட்டுத்தாளில் அச்சிட்டிருப்பார்கள். பழைய பெட்டிகள் பலவற்றில் பயனர் பெயரும் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்'. அதை யாரும் கேட்பதில்லை. அதனால் யாரும் மாற்றுவதும் இல்லை.

வைஃபை கடவுச்சொல் இணையத்துக்குள் போகவிடும் சாவி. இந்த இன்னொன்று, அந்தப் பெட்டியையே ஆளும் மேலாண்மைப் பக்கத்தைத் திறக்கும் சாவி. பள்ளியின் வைஃபையில் இணைந்த ஒரு கைப்பேசியில் உலாவியைத் திறந்து 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பக்கம் வந்து நிற்கும். உள்ளே நுழைந்தவர் வைஃபையின் பெயரை மாற்றலாம், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம், இணைப்பையே முடக்கலாம். இவை தொல்லைகள்தாம் என்றாலும் உடனே தெரிந்துவிடும். தெரியாமலே நடக்கக்கூடியது ஒன்று உண்டு.

நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டும்போது அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ் என்னும் ஏற்பாடு. ஊருக்குப் புதிதாக வந்தவர் பேருந்து நிலையத்தில் வழி கேட்பதுபோல, நம் கணினியும் டிஎன்எஸ் சேவையகத்திடம் வழி கேட்கிறது. யாரிடம் கேட்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்வது ரவுட்டர். மேலாண்மைப் பக்கத்தில் அந்த ஓர் எண்ணை மாற்றிவிட்டால் வழி சொல்பவர் மாறிவிடுவார். நாம் சரியான பெயரைத்தான் தட்டுவோம். போய்ச் சேரும் இடம் வேறாக இருக்கும். மற்ற தளங்கள் எல்லாம் வழக்கம்போலத் திறந்துகொண்டே இருக்கும்.

பிரேசிலில் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. அங்கே சுமார் 45 லட்சம் டிஎஸ்எல் மோடம்களின் டிஎன்எஸ் எண்கள் இப்படி மாற்றப்பட்டிருந்ததாக 2012-ல் வெளியான ஆய்வு விவரங்கள் கூறின. மோடமின் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டை வழியாகத் திருடர்கள் மேலாண்மைப் பகுதிக்குள் நுழைந்திருந்தார்கள். நாள்தோறும் போகும் தளங்களின் பெயரைத் தட்டியவர்களுக்குப் போலிப் பக்கங்களும் தீய மென்பொருளும் வந்தன. அவர்கள் குறிவைத்தது வங்கிக் கணக்குகளை.

நம் பள்ளியில் வங்கிக் கணக்கைவிடப் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது. எமிஸ் தளத்தில் நாம் உள்ளிடும் விவரங்களை எண்ணிப் பாருங்கள்: பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பெற்றோரின் கைப்பேசி எண், ஆதார் விவரம். ஒரு ஆசிரியரின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போலிப் பக்கத்தில் விழுந்தால், அவர் கையாளும் பிள்ளைகளின் விவரங்களுக்கும் வழி திறந்துவிடும். உண்மையான தளம் பூட்டுக் குறியோடு இயங்குவதால், போலித்தளம் அதே பெயரில் வந்தால் உலாவி சிவப்பு எச்சரிக்கை காட்டும் என்பது நமக்குள்ள பெரிய பாதுகாப்பு. ஆனால் காலை வருகைப் பதிவு நேரத்தில், பிள்ளைகள் சூழ நிற்கையில், அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் 'தொடர்க' என்று தட்டிவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்?

கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதன் விலை என்ன என்பதற்கு இன்னொரு சான்று மிராய். 2016-ல் பரவிய இந்தத் தீய மென்பொருள், இணையத்தில் தென்பட்ட கேமராக்கள், ரவுட்டர்கள் போன்றவற்றின் கதவைத் தட்டி, தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்ட கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அதன் பட்டியலில் இருந்தவை அறுபத்துச் சொச்சம் பெயர்-கடவுச்சொல் இணைகள் மட்டுமே. அவை போதுமானதாக இருந்தன. லட்சக்கணக்கான கருவிகள் வசமாயின. 2016 அக்டோபர் 21 அன்று அப்படி வசப்படுத்திய கருவிகளைக் கொண்டு டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியபோது, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் பல மணி நேரம் திறக்கவில்லை. மிராய் நுழைந்தது வலைப்பக்கம் வழியாக அல்ல, டெல்நெட் என்னும் பழைய வழியாக. வழி வேறு, மாற்றப்படாத கடவுச்சொல் ஒன்றே.

இதற்குப் பிறகுதான் சட்டங்கள் விழித்துக்கொண்டன. கலிஃபோர்னியாவில் 2020 சனவரி 1 முதலும், பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதலும், எல்லாப் பெட்டிக்கும் ஒரே எளிய கடவுச்சொல் வைத்து விற்க முடியாது. இன்று வரும் புதிய ரவுட்டர்கள் பலவற்றில் பெட்டிக்கொரு கடவுச்சொல் இருப்பதைப் பார்க்கலாம். நல்லதுதான். ஆனால் அது ஒட்டுத்தாளில் இருக்கிறது. ஒட்டுத்தாள் வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது.

பூட்டும் முத்திரையும்: ஒரு வகுப்பறைச் செயல்பாடு

கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. அதைத் தட்டும்போது அது எப்படிப் பயணம் செய்கிறது என்பதும் முக்கியம். முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபி என்று இருந்தால் அது திறந்த அஞ்சலட்டை. எச்டிடிபிஎஸ் என்று இருந்தால் பூட்டிய பெட்டி. இதை ஆறாம் வகுப்பிலிருந்தே விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கலாம். தேவையானவை: பூட்டக்கூடிய சிறிய பெட்டி ஒன்று, தனித்தனிச் சாவியுள்ள இரண்டு பூட்டுகள், ஓர் அஞ்சலட்டை, சில துண்டுத்தாள்கள்.

ஐந்து பேரை வரிசையாக நிறுத்துங்கள். ஒரு முனையில் நிற்பவர் கணினி, மறுமுனையில் நிற்பவர் ரவுட்டர், நடுவில் உள்ள மூவரும் வழி. முதல் சுற்றில் கணினி ஓர் இரகசிய எண்ணை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பட்டும். நடுவில் உள்ளவர்கள் படிக்கலாம். முடிவில் எண் என்ன என்று கேட்டால் மூவரும் சொல்வார்கள்.

இரண்டாம் சுற்றில் ரவுட்டர் தன் பூட்டைத் திறந்த நிலையில் அனுப்ப வேண்டும்; சாவி ரவுட்டரின் சட்டைப் பையில். கணினி பெட்டிக்குள் தாளை வைத்து, வந்த பூட்டால் பூட்டித் திருப்பி அனுப்பும். நடுவில் உள்ளவர்கள் குலுக்கிப் பார்க்கலாம், திறக்க முடியாது.

மூன்றாம் சுற்றுதான் பாடத்தின் உயிர். நடுவில் நிற்கும் ஒருவரிடம் இரண்டாவது பூட்டையும் அதன் சாவியையும் முன்கூட்டியே கொடுத்து, இரகசியமாகச் சொல்லி வையுங்கள்: வருகிற பூட்டை நீ வைத்துக்கொள், உன் பூட்டை முன்னே அனுப்பு. கணினி அந்தப் பூட்டால் பூட்டி அனுப்பும். நடுவர் தன் சாவியால் திறந்து, படித்து, ரவுட்டரின் பூட்டைப் போட்டு நகர்த்திவிடுவார். இரு முனையில் உள்ளவர்களுக்கும் எதுவும் தெரியாது. பூட்டு இருந்தது, பூட்டியும் இருந்தது, இரகசியம் போய்விட்டது.

"இப்போது என்ன செய்வது?" என்று வகுப்பைக் கேளுங்கள். பூட்டில் பெயர் எழுதலாம் என்று ஒரு குரல் வரும். யார் வேண்டுமானாலும் பெயர் எழுதலாமே என்று இன்னொரு குரல் அதை மறுக்கும். மெல்ல மெல்ல, எல்லாரும் அறிந்த ஒருவர் கையொப்பமிட்டால் நம்பலாம் என்ற இடத்துக்கு அவர்களே வருவார்கள். தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும் இட்ட சீட்டு ஒட்டிய பூட்டு. இணையத்தில் அதன் பெயர் சான்றிதழ். உலாவி முதலில் பார்ப்பது, பூட்டில் யாருடைய முத்திரை இருக்கிறது என்பதையே.

மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் படிப்பவர்களிடம் மட்டும் ஒன்றைக் கூடுதலாகச் சொல்லுங்கள். 2018-ல் வெளியான டிஎல்எஸ் 1.3-ல் இரகசியச் சாவியை அனுப்பிவைப்பதே இல்லை. இரு முனையும் சேர்ந்து கணக்கிட்டு அதை உருவாக்குகின்றன. பெட்டி-பூட்டு உவமை அங்கே முழுமையாகப் பொருந்தாது. முத்திரையைப் பற்றிய பகுதி அப்படியே பொருந்தும்.

நம் ரவுட்டரே ஏன் எச்சரிக்கிறது?

ரவுட்டரில் எச்டிடிபிஎஸ் வழியைத் திறந்து உள்ளே போக முயன்றால், பெரும்பாலும் 'உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல' என்ற வகையில் ஓர் எச்சரிக்கை வரும். பாதுகாப்பைக் கூட்டப் போன இடத்தில் எச்சரிக்கை வந்ததும், பலர் பயந்து பழைய எச்டிடிபிக்கே திரும்பிவிடுகிறார்கள். இன்னும் சிலர், எச்சரிக்கை என்றாலே இப்படித்தான் என்று பழகி, எல்லா இடத்திலும் 'தொடர்க' தட்டத் தொடங்கிவிடுகிறார்கள். என் பார்வையில் இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

காரணம் எளியது. 192.168 என்று தொடங்கும் முகவரிகளை யார் வேண்டுமானாலும் தம் வீட்டுக்குள் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 1996-ல் வந்த நெறிமுறை ஆவணம் ஒன்று அதை வகுத்தது. ஆகவே 192.168.1.1 என்ற முகவரி நம் பள்ளியிலும் உண்டு, பக்கத்துக் கடையிலும் உண்டு, உலகெங்கும் எண்ணற்ற வீடுகளிலும் உண்டு. காந்தி சாலை இல்லாத ஊர் ஏது? 'காந்தி சாலை, முதல் வீடு இன்னாருடையது' என்று ஊர்ப் பெயர் இல்லாமல் எந்த அலுவலரும் சான்று தர மாட்டார். அதுபோல எல்லாரும் நம்பும் சான்றளிக்கும் அமைப்பு எதுவும் இந்த முகவரிக்குச் சான்று தருவதில்லை. அதனால் ரவுட்டர் தனக்குத்தானே கையொப்பமிட்ட சீட்டைக் காட்டுகிறது. பூட்டு உறுதியானது, முத்திரைதான் உலாவிக்குத் தெரியாதது.

அப்படியானால் எப்போது மேலே செல்லலாம்? மூன்றாம் சுற்றில் நடந்ததை நினைத்தால் விடை கிடைக்கும்: நடுவில் யாரும் இல்லை என்று உறுதியாகத் தெரியும்போது. கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒரே லான் கேபிள், கணினியின் வைஃபை அணைக்கப்பட்டுள்ளது, தட்டிய முகவரி ரவுட்டருடையதுதான் என்று சரிபார்த்தாகிவிட்டது. இந்த நிலையில் மட்டும் எச்சரிக்கையைக் கடக்கலாம். கடக்கும் முன் சான்றிதழ் விவரத்தைத் திறந்து அதன் கைரேகை எண்ணில் முதல் எட்டு எழுத்துகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை அதே எட்டு எழுத்துகள் வந்தால் அதே பெட்டி. மாறியிருந்தால் கடவுச்சொல்லைத் தட்டாமல் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். ரீசெட் செய்ததாலும், சில பெட்டிகளில் மென்பொருளைப் புதுப்பித்ததாலும்கூட மாறியிருக்கலாம். பொதுத் தளங்களில், எமிஸ் ஆனாலும் வங்கி ஆனாலும், இந்த எச்சரிக்கையைக் கடக்கவே கூடாது. அவற்றுக்கு முறையான முத்திரை உண்டு. அது இல்லாமல் வந்தால் ஏதோ தவறு.

"வைஃபைக்கே கடவுச்சொல் இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கலாம். டபிள்யூபிஏ2 முறையில் வைஃபை காற்றில் போகும் செய்தியை மறைக்கிறது, உண்மை. ஆனால் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் என்னும்போது, அதை அறிந்த ஒருவர், மற்றவரின் கருவி இணையும் தருணத்தில் காற்றில் போவதைப் பதிவு செய்தால், அவருடைய செய்திகளைப் பிரித்துப் படிக்க முடியும். டபிள்யூபிஏ3 இந்தக் குறையைச் சரிசெய்தது. பள்ளியின் வைஃபை கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

செய்முறை

அரை மணி நேரம் போதும். தேர்வு நாளிலோ பதிவேற்றத்துக்குக் கடைசி நாளிலோ இதைத் தொடங்க வேண்டாம்.

கேபிளில் இணைத்தபின், விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டுங்கள். 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரிக்கு எதிரே இருப்பதே ரவுட்டரின் முகவரி. உள்ளே நுழைந்ததும் எதையும் மாற்றாமல் முதலில் பேக்கப் எடுங்கள். 'சிஸ்டம்', 'அட்மினிஸ்ட்ரேஷன்', 'மேனேஜ்மென்ட்' என்று எந்தப் பெயரிலாவது ஒரு பகுதி இருக்கும். அதில் அமைப்புகளைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி உண்டு. இணைய நிறுவனம் கொடுத்த இணைப்புப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தனியே உங்களிடம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஏதாவது பிசகினால் பெட்டியின் பின்புறமுள்ள ரீசெட் துளையில் குண்டூசியை வைத்துச் சில நொடிகள் அழுத்த வேண்டிவரும். அது எல்லா அமைப்பையும் அழித்துவிடும். அந்த விவரங்கள் கையில் இல்லாவிட்டால் பணியாளர் மறுபடி வரும்வரை பள்ளிக்கு இணையம் இல்லை.

அடுத்து மேலாண்மைக் கடவுச்சொல். பள்ளியின் பெயர், அஞ்சல் குறியீட்டு எண், யு-டைஸ் எண் ஆகிய எதுவும் வேண்டாம். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். வைஃபைக்கு வைத்த அதே சொல்லை இங்கே வைத்தால் இரண்டு பூட்டு வாங்கி ஒரே சாவி செய்த கதைதான். சில நிறுவனங்கள் தரும் பெட்டிகளில் பயனருக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று என இரண்டு கணக்குகள் இருக்கும். நம் கணக்கை மாற்றினாலும் மற்றது அப்படியே இருக்கும். அதை மாற்றியிருக்கிறார்களா என்று நிறுவனத்திடம் எழுத்து வடிவில் கேட்பது பள்ளியின் உரிமை.

பிறகு எச்டிடிபிஎஸ். இங்கே வரிசை முக்கியம். முதலில் எச்டிடிபிஎஸ் வழியை இயக்கிச் சேமியுங்கள். வெளியே வந்து, முகவரிக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்த்துத் தட்டி, உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். வழக்கமான வாயில் எண் 443. சில பெட்டிகளில் 8443. போக முடிந்தது என்று உறுதியான பின்னரே எச்டிடிபி வழியை அணைக்க வேண்டும். புதுக் கதவு திறக்கிறதா என்று பார்க்காமல் பழைய கதவைச் சுவர் வைத்து அடைத்தால் வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

ரிமோட் மேனேஜ்மென்ட், அல்லது வான் பக்க அணுகல் என்ற பெயரில் இருப்பது, இணையத்தில் எங்கிருந்தும் இந்தப் பக்கத்தைத் திறக்க விடும் வசதி. பள்ளிக்கு அது தேவையில்லை, அணைத்துவிடுங்கள். எச்டிடிபிஎஸ் இருக்கிறதே என்று இதைத் திறந்து வைக்கலாகாது. 2023 அக்டோபரில் சிஸ்கோ நிறுவனத்தின் ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருளில் இயங்கும் கருவிகளின் மேலாண்மைப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கடவுச்சொல்லே இல்லாமல், வெளியிலிருந்து வருபவர் உச்ச அதிகாரமுள்ள புதிய கணக்கை உருவாக்கிக்கொள்ள முடிந்தது. உலகெங்கும் பல்லாயிரம் கருவிகள் பாதிக்கப்பட்டன. இணையத்தைப் பார்த்த பக்கம் அந்த வலைச் சேவையை, பூட்டுள்ளதையும் பூட்டில்லாததையும் சேர்த்து அணைக்கச் சொன்னது சிஸ்கோ. கதவின் பூட்டு நல்லதா என்ற கேள்விக்கு முன்னால், கதவு தெருவைப் பார்த்து இருக்க வேண்டுமா என்ற கேள்வி வருகிறது.

இந்தக் காரணத்தாலேயே ஃபர்ம்வேர் எனப்படும் உள் மென்பொருளையும் பருவத்துக்கு ஒரு முறையாவது புதுப்பிக்க வேண்டும். பிரேசிலில் நடந்ததைக் கடவுச்சொல் மட்டும் தடுத்திருக்காது. புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் பெட்டி பழுதாகலாம். யுபிஎஸ் இருந்தால் அதில் இணைத்துச் செய்யுங்கள்.

வசதி இருந்தால், மாணவர்களுக்கும் வந்து போகிறவர்களுக்கும் கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் தனியே இயக்கலாம். அதில் இணைந்தவர்கள் மேலாண்மைப் பக்கத்தை எட்ட முடியாதபடி பல ரவுட்டர்களில் அமைக்க முடியும். வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்ய வேண்டும், உலாவியில் கடவுச்சொல்லைச் சேமிக்கக் கூடாது. உள்ளே நுழைந்த நிலையிலேயே இன்னொரு தாவலில் வேறு தளங்களைப் பார்த்தால், தீய பக்கம் ஒன்று நம் பெயரிலேயே ரவுட்டருக்குக் கட்டளை அனுப்பும் வழி சில பெட்டிகளில் உண்டு.

சாவி யாரிடம்?

பள்ளியில் இதையெல்லாம் செய்து வைப்பவர் பெரும்பாலும் ஆர்வமுள்ள ஒரே ஓர் ஆசிரியர். கலந்தாய்வில் அவர் மாறுதல் பெற்றுப் போனால் கடவுச்சொல்லும் அவரோடு போகும். அடுத்து வருபவர் ரீசெட் துளையைத் தேடுவார். பெட்டி மீண்டும் 'அட்மின்' ஆகிவிடும். ஆகவே, மேலாண்மைக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, மேலே தேதியும் கையொப்பமும் இட்டுத் தலைமையாசிரியரின் பீரோவில் வைக்கலாம். சுவரில் ஒட்டக்கூடாதே தவிர, தாளில் எழுதுவது தவறில்லை. ரவுட்டரின் மாதிரி எண், வாங்கிய தேதி, சான்றிதழின் அந்த எட்டு எழுத்துகள், கடைசியாகப் புதுப்பித்த நாள் ஆகியவற்றை இருப்புப் பதிவேட்டில் எழுதலாம். பொறுப்பு ஒப்படைக்கும்போது மற்றச் சாவிகளோடு இந்த உறையும் கைமாற வேண்டும்; பெற்றுக்கொண்டவர் கடவுச்சொல்லை மாற்றிப் புதிய உறை வைக்க வேண்டும். உறை கிழிந்திருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

மேலாண்மைப் பக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்ற தேர்வே இல்லாத பழைய பெட்டிகளும் பள்ளிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு மேலாண்மைப் பணியைக் கேபிள் வழியாக மட்டும் செய்யுங்கள். அந்த அரை மணி நேரம் வைஃபையை அணைத்து, மற்றக் கணினிகளின் கேபிள்களையும் கழற்றி வைத்தால் அஞ்சலட்டையைப் படிக்க நடுவில் ஆள் இருக்காது. அந்தப் பெட்டிக்குத் தயாரிப்பாளர் புதுப்பிப்பு வெளியிடுவதையும் நிறுத்திவிட்டார் என்றால், மாதிரி எண்ணைக் குறிப்பிட்டு மாற்றுப் பெட்டி கேட்டு இணைய நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அதன் நகலைப் பதிவேட்டில் சேர்த்து வையுங்கள்.